டீச்சர் வேலை பிடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழும்பூரில் ஓர் எட்டு வயதுப் பையன் காட்டிய வழி!

வணக்கம் மக்களே! "பாடம் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஆர்வம் இருக்கிறதா என்றே தெரியவில்லை, பி.எட். சேரலாமா?" நம் சேனலில் அடிக்கடி வரும் கேள்வி இது. இதற்கான பதில் நம்ம எழும்பூரிலேயே இருக்கிறது.

1789. ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் நடந்த பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்கிறார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளி மாதிரியான ஓர் இடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படியே செய்யலாம் என்கிறார். வாத்தியார் முடியாது என்கிறார்! சரி என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைக்கிறார். அவனுக்கு எட்டு வயதுதான் இருக்கும். அவன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகளும் படித்தார்கள். அப்புறம் மற்ற வகுப்புகளிலும் மாணவர்களையே ஆசிரியர்களாக்கி, 1797-இல் அதை லண்டனில் பெல் புத்தகமாகவே போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகள் வரை பரவிய அந்த முறைக்குப் பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ் முறை! பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளியின் பெயர் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ்தான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தப் பையனிடம் யாரும் உனக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கேட்கவில்லை, நாலு பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். நம்ம முன்னாள் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் கதையும் அப்படித்தான்: உறவுக்காரர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் காசில்லாமல் கிடைத்ததால்தான் அவர் தத்துவமே எடுத்தார், 1909-இல் மாநிலக் கல்லூரியில் அதையே கற்பிக்கவும் வந்தார்.



சரி, உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதைக் கவனியுங்கள். டியூஷனில் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது. தப்பு என்று அடித்துவிட்டுச் சரியான விடையைப் போட்டுக்கொடுப்பது சுலபம். "எப்படிக் கண்ணு போட்டே?" என்று கேட்டால், "மேலே இருக்கிறதை மேலே கூட்டினேன், கீழே இருக்கிறதைக் கீழே கூட்டினேன் மிஸ்" என்று வரும். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது இல்லையா? இப்போது கேளுங்கள்: அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் வைத்தால் தட்டில் இருப்பது அரையை விடக் குறையுமா? ஐந்தில் இரண்டு அரையை விடக் குறைச்சல் ஆச்சே! பிள்ளை நோட்டைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், தானாகவே ரப்பரை எடுக்கும். அந்த நேரத்தில் உங்களுக்கு உள்ளே ஏதாவது துள்ளுகிறதா என்று பாருங்கள். என் கருத்தில் எந்த ஆப்டிட்யூட் டெஸ்ட்டும் இதற்கு ஈடாகாது.

அதனால் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், இந்த வாரமே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் கொடுங்கள். என்ன விடை வந்தது, எப்படி வந்தது என்று அது சொன்னதை அப்படியே கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவை அதை வைத்தே செய்வோம்.