அந்த ஆணியைப் பிடுங்குங்கள்

(கிளை நூலக வாசகர் வட்டம் நடத்திய குழந்தைகள் புத்தக விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்செட்டும் தன் செலவில் போட்டுத்தந்த அரிசி ஆலை முதலாளி அவர்களே, வரவேற்புரையில் என்னை வானத்தில் ஏற்றி வைத்த தமிழய்யா அவர்களே (ஒன்பதாம் வகுப்பில் எனக்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்பதைப் பெருந்தன்மையாக மறந்துவிட்டார்), நூலகர் தம்பி அவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் ஒருவர் பெயரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவரும் வந்திருக்கிறார், அவருக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒரு பேய்க் கதை. அந்தக் கதையில் உள்ள படங்கள். மூன்றாவது, தமிழனும் பேயும்.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது எங்கள் அப்பத்தா வாயில் நாளைக்கு நாலு தடவை வரும் பழமொழி. ஆனால் பேய் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிவோம் என்று யாராவது யோசித்தோமா? 1944-இல் ஒரு அமெரிக்கர் யோசித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராபர்ட் பிரைட் என்பவர் ‘ஜார்ஜி’ என்று ஒரு படக்கதை எழுதினார், படமும் அவரே போட்டார். அடுத்த வருஷம் அதே நாட்டில் கேஸ்பர் என்ற சிநேகிதப் பேய் கார்ட்டூனில் வந்து உலகப் புகழ் பெற்றுவிட்டது. எனக்கு என்னவோ ஜார்ஜிதான் ஒரு படி மேல்.

அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து என்ற பகுதியில் ஒரு சின்ன வீடு. விட்டேக்கர் என்பவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மேல்மாடத்தில் ஜார்ஜி என்ற குட்டிப் பேய். அது யாரையும் அடிக்காது, பிடிக்காது. ராத்திரி ஒரே நேரத்துக்கு வந்து, படிக்கட்டில் ஆடுகிற பலகையை ஒரு ‘கிரீச்’, கூடத்துக் கதவை ஒரு ‘கீச்’. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்காரர்கள் படுக்கப் போவார்கள். ஹெர்மன் என்ற பூனை வேட்டைக்குக் கிளம்பும். மிஸ் ஆலிவர் என்ற ஆந்தை கண் விழித்துக் கூவும். ஒருநாள் விட்டேக்கருக்கு என்ன தோன்றியதோ, பலகைக்கு ஆணி அடித்து, கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டார். சத்தம் நின்றது. பூனைக்கும் நேரம் தெரியவில்லை, ஆந்தைக்கும் தெரியவில்லை. வேலை போன பேய் வீட்டை விட்டே கிளம்பிவிட்டது. மற்ற வீடுகளில் எல்லாம் ஏற்கெனவே ஒரு பேய் இருக்கிறது. கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டிலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மீதியை அப்புறம் சொல்கிறேன். இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தா வீடு ஞாபகம் வந்தது.

ஓட்டு வீடு. பின்கட்டில் நெல் குதிர் வைத்த அறை. தினம் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு அங்கிருந்து ‘டொக்... டொக்...’ என்று சத்தம் வரும். அய்யா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், கைத்தடி ஊன்றி நடந்தவர். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். ‘அய்யா நடக்கிறாரு, விளக்க அணைச்சிட்டுப் படுங்கடா’ என்பாள் அப்பத்தா. நாங்கள் ஏழு பேர், ஒரே ஜமுக்காளம், கப்சிப். ஓரத்தில் படுக்க மட்டும் ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான். பேய் பயத்தில் பிள்ளைகள் அழுவதாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கு அந்த இரண்டு ‘டொக்’ கேட்டால்தான் தூக்கமே வரும். அப்பத்தாவும் பதிலுக்கு, ‘சரி சரி, பிள்ளைக சாப்பிட்டாச்சு’ என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

அப்பா லீவில் வந்தார். ராணுவத்தில் இருந்தவர், டார்ச் வைத்திருந்தார். சத்தம் வந்ததும் நேராகப் போய்ப் பார்த்தார். பின்பக்க ஜன்னலின் மரக்கதவு ஒன்று கொக்கி இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இருட்டியபின் கிளம்பும் காற்றுக்கு அது நிலையில் போய் இடிக்கிறது. இவ்வளவுதானா என்று இரண்டு அங்குல ஆணி ஒன்றை அடித்துவிட்டு, ‘அரண்டவன் கண்ணுக்கு...’ என்று அப்பத்தாவிடமே அவள் பழமொழியைத் திருப்பிச் சொன்னார்.

அன்றைக்கு அப்பத்தா தூங்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அப்பத்தா பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு குதிர் அறைக்குள் போனாள். பாக்குவெட்டியின் முனையை ஆணித் தலைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். ஆணி வந்தது, பாக்குவெட்டி கோணியது. (நீங்கள் எந்த ஆணியை நினைத்துச் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். இது தேவையுள்ள ஆணி!) அன்று ராத்திரி ‘டொக்’. அப்பா ஒன்றும் பேசவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்பாள் என் மனைவி. கோணல் பாக்குவெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஜார்ஜி கதையிலும் யாரும் தேடிப்போய்ப் பேயை அழைக்கவில்லை. குளிர்காலம் வருகிறது. மரம் குளிரில் விறைத்து ஆணி தளர்கிறது, கீல் துருப்பிடிக்கிறது. மிஸ் ஆலிவர் சொல்லித்தான் ஜார்ஜிக்குத் தெரிகிறது, வீட்டுக்கு வந்துவிடுகிறது. பேயும் வீட்டுக்காரரும் கதை முழுக்க ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அதுவும் சிநேகிதம்தான்.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைதான், கண்ணைப் பறிக்கும் வண்ணம் கிடையாது. பார்த்தால் தெரியும், போகட்டும்.

மூன்றாவது, தமிழனும் பேயும். பேய் என்றால் நமக்கு வசவு மட்டும்தானா? காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று பாடினார். அவரை இறைவன் ‘அம்மையே’ என்று அழைத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். ஆழ்வார்களில் ஒருவர் பேயாழ்வார். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூடிக் கூழ் காய்ச்சும். இதை விரித்தால் ஒரு மணி நேரம் ஆகும். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், அதனால் நேராக என் வழக்கமான புலம்பலுக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிப்பட்ட புத்தகத்தை ஒரு பிள்ளை எங்கே பார்க்கும்? நம் மாகாணத்தில் 1948-இலேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் முதலாவது. அதற்குப் பின்னால் நின்றவர் நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன். புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது அவருடைய முதல் விதி. நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி போகிறது. ஆனால் நான் போய்ப் பார்த்த ஒரு நூலகத்தில், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், குழந்தைகள் புத்தகமெல்லாம் பச்சை பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. கண்ணாடி வழியாக அட்டையைப் பார்க்கலாம், தொட முடியாது. கேட்டால், ‘கிழிச்சிருவாங்க சார், தொலைஞ்சா நான்தான் கணக்குச் சொல்லணும்.’ அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருக்கு இருப்புப் பதிவேடுதான் பேய். கிழிந்தால் கிழிந்தது என்று எழுதித் தள்ள அவருக்கு மேலே உள்ளவர்கள் வழி செய்யட்டும். குழந்தைகள் புத்தகத்துக்குப் பூட்டு கூடாது என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து உறுப்பினர் அம்மாவுடையது என்று சொல்லிவிட்டேன், அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

பொன்னாடை எனக்கு வேண்டாம், ஏற்கெனவே பதினாலு இருக்கிறது. நூலகர் தம்பி, அதோ அந்த மூலையில் இருக்கும் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது? கேசரியை அப்புறம் கொடுக்கலாம். பாயில் இருக்கும் பிள்ளைகள் முதலில் அங்கே போகட்டும்.