மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை: கொடையாளர் யார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் குடல் நோய்களுக்கு மருத்துவம் பார்த்துவரும் என்னிடம், செந்தூலிலிருந்து வந்த ஒரு தாய், "டாக்டர், என் மகளுக்கு நானே கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் கொடுக்க முன்வந்தது சிறுநீரகத்தை அன்று, தம்முடைய மலத்தை. பெருங்குடல் புண் அழற்சியால் இரத்தமும் சளியுமாக நாளுக்குப் பத்து முறை கழிப்பறைக்கு ஓடும் மகளை அருகிலிருந்து பார்ப்பவரின் கேள்வி அது. அதில் அருவருப்புக்கு இடமில்லை. அவருக்குச் சொன்ன பதிலையே இன்று சற்று விரித்துச் சொல்கிறேன்.

மலேசிய இனங்களுள், பெருங்குடல் புண் அழற்சி போன்ற குடல் அழற்சி நோய்கள் இந்தியர்களிடமே மிகுதி என்பதை ஈப்போவை உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு காட்டியது. அப்படியிருந்தும், மலத்தில் இரத்தம் கண்டவுடன் மூலம் என்று தாமே முடிவு செய்து, கைமருந்தோடு காலம் தள்ளுவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

நம் பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். இந்நோயாளிகளிடம் அவ்வகை நுண்ணுயிர்கள் குறைந்திருக்கின்றன. நலமுள்ள ஒருவரின் மலத்தைச் சோதித்து, உப்புநீரில் கரைத்து வடிகட்டி, எனிமாவாகவோ, குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி வழியாகவோ செலுத்தினால் அக்குறை நீங்குமா என்பதே கேள்வி.

குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வருவோருக்கு இச்சிகிச்சை வியக்கத்தக்க பலன் தருகிறது. 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தார்கள். குடல் அழற்சி நோயில் நிலைமை அத்தனை எளிதன்று. 2015-இல் கனடாவின் ஹாமில்டனில் பெருங்குடல் புண் அழற்சி உள்ள 75 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றோரில் 24 விழுக்காட்டினருக்கும், வெறும் நீர் செலுத்தப்பட்டோரில் 5 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. அப்படி அடங்கிய ஒன்பது பேரில் ஏழு பேர் ஒரே கொடையாளரிடமிருந்து பெற்றவர்கள் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதே ஆண்டில் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2019-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பல கொடையாளர்களின் மலத்தைக் காற்றுப் படாமல் கலந்து கொடுத்தபோது, எட்டாவது வாரத்தில் 32 விழுக்காட்டினருக்கும், தம் மலத்தையே திரும்பப் பெற்றோரில் 9 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. மற்றொரு குடல் அழற்சி நோயான கிரோன் நோய்க்கான சான்றுகளோ மிகச் சொற்பம்.

நோய் அடங்குவது வேறு, முற்றாக நீங்குவது வேறு. அதனால்தான், வழக்கமான குடல் அழற்சி நோய் மருத்துவமாக இதை ஆய்வுகளுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்று அமெரிக்கக் குடலியல் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது.

காணொளிகளைப் பார்த்து, வீட்டு பிளெண்டரிலேயே இதைச் செய்துவிடலாம் என்று எண்ணுவோரை நினைத்தே நான் அஞ்சுகிறேன். அமெரிக்காவில், மருந்துக்கு அடங்காத ஈ கோலை கிருமி கொடையாளரின் மலத்தோடு சேர்ந்து நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய இருவருக்குள் சென்றது. அவர்களுள் ஒருவர் இறந்தார் என்று 2019-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. கொடையாளர் நலமாகத் தோன்றினாலும் அவரிடம் கல்லீரல் அழற்சி வைரஸ், எச்ஐவி, ஒட்டுண்ணிகள் ஆகியவை மறைந்திருக்கக்கூடும். தாயின் அன்பு இவற்றைச் சலித்தெடுக்கும் வடிகட்டி ஆகாது.

ஆகவே அந்தத் தாயிடம் வேண்டாம் என்றே சொன்னேன். மகள் குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்றும், அது போதாவிட்டால் அடுத்த நிலை மருந்துகள் உள்ளன என்றும் விளக்கினேன். முறையான ஆய்வு ஏதேனும் இங்கே தொடங்கினால் முதலில் தம்மை அழைக்கும்படி கேட்டுக்கொண்டு, தம் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார். அத்தாளை என் மேசையில்தான் வைத்திருக்கிறேன்.