திக்கித் திணறிய பிரிவியூவும் 28,000 ரூபாய் கார்டும்

வணக்கம் நேயர்களே. பத்தமடைப் பாய் வீடியோ எப்போது வரும் என்று பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். படப்பிடிப்பு என்றைக்கோ முடிந்துவிட்டது, எடிட்டிங்தான் நகரவில்லை. நான் எடிட் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒலி தடையின்றி ஓடுகிறது, படம் மட்டும் நின்று நின்று வருகிறது. படம் ஓடும் வியூவருக்கு மேலே, நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்று காட்டும் சிறு புள்ளி பச்சையாக இருந்து 25 என்று காட்ட வேண்டும். எனக்கோ அது சிவப்பாகி, 9க்கும் 11க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

வேறு வீடியோவாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் இது தறி. நெய்கிற அக்கா கோரையைப் பாவு நூல்களுக்கிடையே செலுத்தி, கோரையை நெருக்கும் அச்சுச் சட்டத்தை இழுத்து அடிக்கும் அந்தக் கணத்தில்தான் வெட்டு விழ வேண்டும். அடி விழுந்த ஓசை கேட்கும்போது படத்தில் அச்சு பாதி வழியில் நின்றால் எதை நம்பி வெட்டுவது? என் வீடியோக்களில் வெட்டுகள் ஓசையோடு பொருந்தி விழ வேண்டும் என்பதில் நான் எவ்வளவு பிடிவாதம் பிடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இதற்காக ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "கிராபிக்ஸ் கார்டை மாற்றுங்கள், 28,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார். இருபத்தெட்டாயிரம்! அந்தப் பணத்துக்கு நல்ல மைக் ஒன்று வாங்கி, மிச்சத்தில் அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று பல படப்பிடிப்புகளுக்குப் போய் வந்துவிடலாம். விலை கூட எனக்குப் பெரிதில்லை. என்ன கோடெக்கில் (காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில்) பதிவு செய்தீர்கள் என்ற ஒரே ஒரு கேள்வியைக் கூடக் கேட்காமல் விலை சொன்னார்களே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் நோய் அந்தக் கோடெக்கில்தான் இருக்கிறது. என் கேமரா 4கே காட்சியை எச்.265 முறையில், 10 பிட் 4:2:2 என்ற, வண்ண விவரம் அதிகமுள்ள வடிவில் பதிவு செய்கிறது. இந்த முறையில் முழுப் படம் எப்போதாவது ஒரு முறைதான் கோப்பில் இருக்கும். இடையில் வரும் ஃபிரேம்களில் என்ன மாறியது என்பது மட்டுமே பதிவாகும். மளிகைக் கடைப் பற்று நோட்டில் மாத முதல் தேதியில் மட்டும் மொத்தப் பாக்கியை எழுதி, பிறகு அன்றன்று வாங்கியதை மட்டும் குறித்துவைத்தால், இருபதாம் தேதிப் பாக்கியை அறிய முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும் அல்லவா? நாம் டைம்லைனில் ஓரிடத்தைத் தொடும்போதெல்லாம் கணினி அந்தக் கூட்டலைத்தான் செய்கிறது. அதுவும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறத்தாழ 83 லட்சம் பிக்ஸல்களுக்கு. சென்ற மாதக் கல்லிடைக்குறிச்சி அப்பள வீடியோ இதே கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடியதற்குக் காரணமும் இதுதான். அது 1080பி, 8 பிட் எச்.264, பிக்ஸல்கள் நான்கில் ஒரு பங்கு.

கார்டு விஷயத்துக்குத் திரும்புகிறேன். 4:2:2 எச்.265 காட்சியை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல் செயலிகளில் 11ஆம் தலைமுறையின் குயிக் சிங்கிலேயே (செயலிக்குள்ளேயே இருக்கும் வீடியோ பகுதியிலேயே) அது உண்டு. என் செயலி அதற்கும் பழையது. கடையில் எனக்குக் காட்டியதோ 50க்கு முந்தைய வரிசைக் கார்டு. வாங்கி மாட்டியிருந்தாலும் இந்தச் சுமை முழுவதும் செயலியின் தலையில்தான் விழுந்திருக்கும்.

கோப்பை வேகமாகப் படிக்க எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியை வாங்கச் சொன்னவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் கோப்பு நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட் அளவில் படிக்கும். ஆகவே நெரிசல் அங்கே இல்லை.

தீர்வுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவாகவில்லை. மீடியா பூலில் காட்சிகளையெல்லாம் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' கொடுத்தேன். பிராக்ஸி என்பது எடிட்டிங்குக்காக மட்டும் செய்துகொள்ளும் இலகுவான நகல். அதற்கு முன்பே புராஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்ஸியின் அளவைப் பாதி என்றும், வடிவத்தை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்றும் வைத்திருந்தேன். இந்த வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படம் என்பதால் கூட்டல் வேலையே கிடையாது. கோப்பு பெரிதாகும் என்பது உண்மைதான். 1080பி, 25 ஃபிரேமுக்கு ஒரு மணி நேரக் காட்சி சுமார் 16 ஜிபி பிடிக்கும். வீடியோ வெளியானதும் பிராக்ஸிகளை அழித்துவிடலாம், மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. பிறகு பிளேபேக் மெனுவில் 'பிரிஃபர் பிராக்ஸீஸ்' என்பதைத் தேர்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். புள்ளி பச்சை! 25! அச்சு விழுகிறது, ஓசையும் அதே கணத்தில் விழுகிறது. முன்னும் பின்னும் எத்தனை முறை இழுத்தாலும் விரலோடு சேர்ந்து நகர்கிறது. அந்தப் பச்சைப் புள்ளியை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. கைபேசியில் எடுத்த துண்டுகளும் இதில் இருக்கின்றன. கைபேசிகள் பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும் ஃபிரேம் ரேட்டில் பதிவு செய்வதால், அவற்றில் ஒலி சிறிது சிறிதாக விலகிப்போகலாம். அந்தத் துண்டுகளை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' வைத்து மாற்றிய பின்பே டைம்லைனுக்குக் கொண்டுவந்தேன்.

தறி இருந்த அறையில் வெளிச்சம் குறைவு, ஆகவே சில காட்சிகளுக்கு, இருட்டில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் எஃபெக்ட்டைப் போட்டேன். அங்கே புள்ளி மறுபடியும் சிவப்பானது. பிராக்ஸி என்பது கோப்பைப் பிரித்துக் காட்டும் சுமையைத்தான் குறைக்கும். எஃபெக்ட்டின் கணக்கைச் செய்தே ஆக வேண்டும். அதற்கு, கணக்கிட்ட படங்களைச் சேமித்துவைக்கும் ரெண்டர் கேஷை 'ஸ்மார்ட்' என்று வைத்துவிட்டுச் சிறிது நேரம் கைவைக்காமல் இருந்தால், டைம்லைனின் மேலிருக்கும் சிவப்புக் கோடு நீலமாக மாறும். நீலம் வந்த இடம் தடையின்றி ஓடும். இந்த கேஷ் கோப்புறைக்கு மட்டும் எஸ்எஸ்டி இருந்தால் நல்லது.

வண்ணம் திருத்தும்போது பிளேபேக் மெனுவில் மூலக் கோப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். கோரையின் நுண்ணிய இழை பிராக்ஸியில் சரியாகத் தெரியாது. முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும் டெலிவர் பக்கத்தில் 'யூஸ் பிராக்ஸி மீடியா' என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. நான் எக்ஸ்போர்ட்டைத் தொடங்கிவிட்டேன். பத்தமடை வீடியோ ஞாயிற்றுக்கிழமை மாலை வரும். உங்கள் கேமரா எந்தக் கோடெக்கில் பதிவு செய்கிறது, உங்கள் செயலி எந்தத் தலைமுறை என்ற இரண்டையும் கீழே எழுதுங்கள், கார்டு தேவையா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.