அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு ரயில் நிலையம்

வணக்கம். தென்கொரியாவில் ஒரு கோடைக்காலம் சமூகப்பணி படித்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொரியா என்றதும் 'சீரியல் பார்த்துப் பார்த்துக் கிளம்பிப் போயிருக்கும்' என்று உங்களில் பாதிப் பேர் நினைப்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, மறுக்க மாட்டேன். காலையில் சமூகநலக் கொள்கை, பிற்பகலில் கொரியப் பண்பாடு என்று இரண்டு பாடம் எடுத்திருந்தேன். பண்பாட்டு வகுப்பைக் கொஞ்சம் ஓய்வாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. ஆனால் காலையில் புரியாமல் விட்டதெல்லாம் அந்தப் பிற்பகல் வகுப்பில்தான் புரிய ஆரம்பித்தது.

சமூகப்பணிப் படிப்புக்கு அங்கே ஏறக்குறைய நம் ஊர் வயதுதான். சியோலில் உள்ள ஈவா மகளிர் பல்கலைக்கழகம் 1947-இல் சமூகப்பணித் துறையைத் தொடங்கியது, சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப்பணிப் பள்ளியை ஆரம்பித்தது 1952-இல். அதற்குப் பிறகு வந்த பாதைதான் வேறு. கொரியாவில் சமூகப்பணியாளருக்கு அரசுச் சான்றிதழ் உண்டு, முதல்நிலைச் சான்றிதழுக்கு 2003 முதல் தேசியத் தேர்வு எழுத வேண்டும். இங்கே எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்தவரைப் பார்த்து 'ஓ, சேவை செய்றீங்களா, நல்லது' என்கிறார்கள்; சம்பளம் உண்டா என்று கேட்பதற்குக்கூட அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பண்பாட்டு வகுப்பில் முதலில் சொல்லித் தந்தது பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் முறை. வீட்டில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடத் தொடங்க வேண்டும், எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையாலும், முன்னோருக்குப் படையல் வைக்கும் பொறுப்பு மூத்த மகனுடையது. இதெல்லாம் நமக்கும் ஓரளவு பழகியதுதானே என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை வகுப்பில் அதே மூத்த மகன் சட்டப் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருந்தார்.

1997 பொருளாதார நெருக்கடியில் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போன பிறகு, 1999-இல் வறியவர்களுக்கான அடிப்படை வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள், அடுத்த ஆண்டு அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. வேலை செய்யக்கூடிய வயதில் இருப்பவருக்கும் உதவி உண்டு என்று சொன்ன வகையில் பெரிய சட்டம். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: உங்களைக் காப்பாற்றக் கடமைப்பட்ட உறவினர் இருந்து, அவருக்கு வருமானமும் இருந்தால் உதவி கிடையாது, அல்லது குறையும். மகன் பத்து வருஷமாகப் போன்கூடப் பண்ணவில்லை என்றாலும் காகிதத்தில் அவன் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்! அவன் காப்பாற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால் உறவு அறுந்துபோனதை நீங்களே அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும், அதிகாரிகள் மகனிடமும் விசாரிப்பார்கள். பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று விண்ணப்பமே கொடுக்காமல் இருந்த பெரியவர்கள் எத்தனையோ பேர். முந்தைய நாள் கரண்டிப் பாடம் கேட்காமல் இருந்திருந்தால் இந்தத் தயக்கத்தை 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

2014 பிப்ரவரியில் சியோலின் சோங்பா பகுதியில் ஒரு தாயும் இரண்டு மகள்களும் வறுமை தாங்காமல் உயிரை விட்டார்கள். வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, வாடகைக்கும் மின்சார, தண்ணீர்க் கட்டணத்துக்கும் 7 லட்சம் வொன் (கொரியப் பணம்) ஒரு உறையில் வைத்துவிட்டுப் போனார்கள். அரசு உதவி எதுவும் அவர்களை எட்டவில்லை. நாடே அதிர்ந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனாலும் உறவினர் நிபந்தனை முழுதாகப் போய்விடவில்லை.

அதை எதிர்த்தவர்களின் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு வியப்பு தாங்கவில்லை. குவாங்வாமுன் தெரியுமல்லவா, சியோலுக்குப் போகிற யாரும் தவறவிடாத இடம், மேலே சேஜோங் மன்னர் சிலை, கொஞ்சம் தள்ளி க்யோங்போக்குங் அரண்மனை. அந்தச் சிலைக்குக் கீழே இருக்கும் சுரங்க ரயில் நிலையத்தில், 2012 ஆகஸ்டில் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் ஒரு போராட்டத்தைத் தொடங்கின. மனிதர்களைத் தரம் பிரித்து எண் கொடுக்கும் ஊனமுற்றோர் தரவரிசை முறையையும் இந்த உறவினர் நிபந்தனையையும் எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. 2017 செப்டம்பர் வரை, மொத்தம் 1,842 நாள் உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஜனம் ஹன்போக் என்ற பாரம்பரிய உடை உடுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது, கீழே சக்கர நாற்காலிகள். 2019-இல் தரவரிசை முறை போனது, 2021 அக்டோபரில் வாழ்வாதார உதவித்தொகைக்கு உறவினர் நிபந்தனையும் பெரும்பாலும் போனது. அப்போது வைத்த வரம்புப்படி, பிள்ளைக்கு ஆண்டு வருமானம் 10 கோடி வொன்னுக்கு மேலோ, சொத்து 90 கோடி வொன்னுக்கு மேலோ இருந்தால் மட்டும் இடித்தது; 2025-இல் அந்த வரம்பையும் உயர்த்திவிட்டார்கள். மருத்துவ உதவியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் பலர் அந்த நிலையத்தில் இறங்குகிறார்கள்.

முதியோர் ஏன் இவ்வளவு ஏழையாக இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பளபளக்கும் நாடு, ஆனால் 65 வயது தாண்டியவர்களில் பத்துக்கு நான்கு பேர் வறுமையில் என்பது, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் நாடுகளிலேயே மோசமான கணக்கு. காரணம் லேசாகப் புரிகிற காரணம்தான். தேசிய ஓய்வூதியம் தொடங்கியதே 1988-இல், நகரத்தில் சொந்தத் தொழில் செய்தவர்களையும் சேர்த்து எல்லோரையும் உள்ளே கொண்டுவர 1999 ஆகிவிட்டது. நாட்டைக் கட்டி எழுப்பிய தலைமுறை கையில் இருந்ததையெல்லாம் பிள்ளைகளின் படிப்பில் போட்டது, அதுதான் அவர்களுடைய ஓய்வூதியம் என்று நம்பியது. பிள்ளைகள் சியோலுக்கு வந்தார்கள், சியோலில் வீட்டு வாடகையும் பள்ளிச் செலவும் அவர்களை விழுங்கியது. 2014 முதல் அடிப்படை ஓய்வூதியம் என்று ஒன்று கொடுக்கிறார்கள். 2024-இல் தனியாக வாழ்பவருக்கு அது மாதம் அதிகபட்சம் 3,34,810 வொன், நம் பணத்தில் சுமார் 20 ஆயிரம் ரூபாய். பெரிய தொகையாகத் தெரியும். சம்கேதாங் என்ற கோழி சூப் ஒரு கிண்ணம் உணவகத்தில் அப்போதே சுமார் 17,000 வொன் ஆன ஊர் அது.

சம்கேதாங் என்பது இளங்கோழி வயிற்றுக்குள் பசையரிசி, ஜின்செங் வேர், பூண்டு, இலந்தை வைத்துக் கொதிக்கவிடும் சூப். உச்சி வெயில் காலத்தில் மூன்று நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க இதைக் குடிப்பார்கள், சூட்டைச் சூட்டால்தான் விரட்ட வேண்டுமாம். அந்த முதல் நாளன்று ஒரு பகுதி நல மையத்துக்குக் களப்பணிக்கு அனுப்பினார்கள். பந்தி மாதிரி வரிசையாகப் பெரியவர்கள். ஒரு பாட்டி கோழியில் பாதியைப் பிய்த்து, மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் சத்தமில்லாமல் நழுவவிட்டார். வெயில் காலத்தில் கெட்டுப்போகும் என்று வெளியே எடுத்துப் போகத் தடை இருந்தது. பக்கத்தில் நின்ற சமூகப்பணியாளர் அதைப் பார்த்தார், பிறகு உப்புத் தட்டை எடுத்துவைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கையில் ஒரு பெயர்ப் பட்டியல், யார் யார் வரவில்லை என்று அதில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாடு முடிந்ததும் அந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார், எடுக்காத வீட்டுக்கு நேரில் போனார். தனியாக இருந்து யாருக்கும் தெரியாமல் இறந்துபோகிறவர்களுக்காகவே அங்கே ஒரு தடுப்புச் சட்டம் இருக்கிறது, 2021 முதல் அமலில். பால் போடுகிறவர்களைக்கூட இந்தக் கண்காணிப்பு வேலையில் சேர்த்திருக்கிறார்கள்: தனியாக வாழும் முதியவர் வீட்டு வாசலில் பால் எடுக்கப்படாமல் சேர்ந்தால் உடனே வார்டு அலுவலகத்துக்குத் தகவல் போகும்.

நம் ஊர் முதியோர் உதவித்தொகையிலும் 'ஆதரவற்றவர்' என்ற பேச்சு உண்டு. மகன் இருக்கிறானே என்று மனு திரும்பி வந்த பாட்டியைப் பார்க்காத சமூகப்பணி மாணவர் இங்கே யாரும் இருக்க முடியாது. அதனால்தான் கொரியப் பாடம் எனக்கு அயல்நாட்டுப் பாடமாகப் படவில்லை.

போக நினைக்கும் மாணவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. அவர்களுடைய கோடை விடுமுறை ஜூன் கடைசியில்தான் தொடங்குகிறது, நமக்குக் கல்லூரி திறக்கிற நேரம் அது, ஆகவே துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஜூலையில் நல்ல மழை வேறு. கட்டணம் கட்டுவதற்கு முன்னால் பாடத்திட்டத்தில் நல மையக் களப்பணி உண்டா என்று கேளுங்கள். வெறும் அரண்மனைச் சுற்றுலாவும் கிம்ச்சி செய்முறையும் மட்டும் என்றால் அந்தக் காசுக்கு வேறு படிப்பு பார்க்கலாம். அப்புறம், கொரிய எழுத்தை இங்கேயே படித்துவிட்டுப் போங்கள், ஒரு வாரம் போதும். நன்றி, வணக்கம்.