மருந்தின் விலையை மறைக்கலாமா?

அவைத் தலைவர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, பணிச்சுமைக்கிடையிலும் நேரம் ஒதுக்கி வருகை தந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னர் சிறப்பாக உரையாற்றிய மூத்த மருந்தாளுநர் ஐயா அவர்களே, பெரியோர்களே, மாணவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அரசு மருந்து வாங்கும் விலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மருந்துச் சந்தையில் அதைத்தான் மறைக்கிறார்கள். எந்த நாடு என்ன விலை கொடுத்தது என்பது விற்கும் நிறுவனத்துக்குத் தெரியும். வாங்கும் அரசுக்கோ தான் கொடுக்கும் விலை மட்டுமே தெரியும். அதையும் வெளியில் சொல்லக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

2020 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். பெல்ஜியத்தில் வரவு செலவுத் திட்டப் பொறுப்பை வகித்த ஈவா டி பிளீக்கர், கொரோனா தடுப்பூசிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட விலைகளை அட்டவணையாக ட்விட்டரில் வெளியிட்டுவிட்டார். விரைவிலேயே நீக்கினார், அதற்குள் உலகம் படித்துவிட்டது. பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது, ஐயா! அஸ்ட்ராஜெனிகா ஓர் ஊசி 1.78 யூரோ, ஜான்சன் அண்ட் ஜான்சன் 8.50 டாலர். அடுத்த மாதமே, அதே அஸ்ட்ராஜெனிகா ஊசியைப் புனேயின் சீரம் நிறுவனத்திடம் தென்னாப்பிரிக்கா 5.25 டாலருக்கு வாங்குகிறது என்ற செய்தி வந்தது. யூரோவை டாலராக மாற்றிப் பார்த்தால், ஐரோப்பிய விலையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட நாடுகளுக்குச் சலுகை என்று விளக்கம் சொல்லப்பட்டது. பின்னர் ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுக்க, 2023 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்நாட்டின் தடுப்பூசி ஒப்பந்தங்களை வெளியிட ஆணையிட்டது. ஜான்சன் ஊசிக்கு அவற்றில் எழுதியிருந்த விலை 10 டாலர். விலையை இரகசியமாக வைத்தால்தான் ஏழை நாடுகளுக்குக் குறைத்துத் தர முடியும் என்று வாதிடுவோர் இந்த எண்களுக்குப் பதில் சொல்லட்டும்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994இல் தொடங்கப்பட்ட நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டெண்டரில் முடிவான விலைகளை எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. இதனால் பிற மாநிலங்கள் தாம் கொடுக்கும் விலை கூடுதலா என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பேரம் பேச முடிகிறது. இதைப் பெருமையோடு சொல்கிறேன்.

மருந்துகளின் நிகர விலையை, அதாவது தள்ளுபடி போக உண்மையில் கொடுக்கும் விலையை, வெளியிடுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை 2019 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆகவேதான், பொதுப் பணத்தில் போடப்படும் எந்த மருந்து ஒப்பந்தத்திலும், விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளுக்கானவை உட்பட, விலையை மறைக்கும் பிரிவு இருக்கவே கூடாது என்று கேட்கிறோம். வாயிலருகே மேசையில் இருக்கும் மனுவில் இந்த ஒரே கோரிக்கைதான் உள்ளது. படித்துப் பார்த்துக் கையொப்பமிடுமாறு வேண்டுகிறேன்.