திருவாய்மொழியில பேசுறது யாரு? திருக்கோளூர்ப் பாட்டை உள்ளுக்குள்ள வாசிக்கும் முறை

வணக்கம் மக்களே. நம்மாழ்வார் பெருமாளைப் பாடுன திருவாய்மொழி மொத்தம் 1,102 பாட்டு, 100 பதிகம். பத்துப் பதிகம் சேந்தா ஒரு ‘பத்து’. ஒரு பதிகத்துக்கு 11 பாட்டு, ஒண்ணுல மட்டும் 13. வாரத்துக்கு ஒரு பதிகம் போதும். வேகமா ஓட்டுனா நாக்குதான் வாசிக்கும்.

பதிகத்தைத் திறந்ததும் முதல்ல கேளுங்க, இதுல பேசுறது யாரு? நம்மாழ்வார் சிலதுல தாமாப் பேசுவாரு. சிலதுல பெருமாள் மேல ஆசை வச்ச ஒரு பொம்பளப் பிள்ளையா, சிலதுல அவ தாயா, சிலதுல அவ தோழியா. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், நம்மாழ்வார் மனசை விளக்குத ஆசார்ய ஹ்ருதயம்ங்கிற நூல்ல இந்த மூணு பேரையும் அறிவோட மூணு நிலைன்னு காட்டுதாரு. தோழி உணர்த்தி, தாய் துணிவு, மகள் பதற்றம். பெருமாளுக்கும் நமக்கும் உள்ள உறவு தெரிய வருதது உணர்த்தி. அவனே வழின்னு அசையாம நிக்கது துணிவு. எப்பக் கிடைப்பான்னு தவிக்கது பதற்றம்.

பெருமாள் கோயில் இருக்க நம்ம திருக்கோளூரையே எடுத்துக்கிடுவோம், ஆறாம் பத்து ஏழாம் பதிகம். வீட்டுல மகளைக் காணல, தாய் பேசுதா.

"உண்ணும் சோறு பருகும் நீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்"

முதல்ல மூணு தடவை வாய்விட்டு வாசிங்க. அப்புறம் பதவுரை, அதாவது சொல்லுக்குச் சொல் அர்த்தம். மூணாவது, ஒரே ஒரு சொல்லை எடுத்து அஞ்சு நிமிசம் சும்மா இருங்க. இந்தப் பாட்டுக்கு அது கடைசி அடியில இருக்கு: "திண்ணம் என் இளமான் புகும் ஊர் திருக்கோளூரே". ‘திண்ணம்’ மேல விரலை வைங்க. பிள்ளை வீட்டுல இல்ல, ஆனா எங்க போயிருப்பாங்கிறதுல தாய்க்குத் துளி சந்தேகம் இல்ல. துணிவுங்கிற அர்த்தம் பாட்டுக்குள்ளேயே கிடக்கு, பாத்தியளா? இப்படிப் பாட்டுல ஒரு சொல்லாவது தாங்கலன்னா அந்த உட்பொருளை விட்டுருங்க.

சோறு, தண்ணி, வெத்தலைக்கு உரைகாரங்க தாரகம், போஷகம், போக்கியம்னு சொல்லுதாங்க. உசிரைப் பிடிச்சு நிறுத்துதது, வளக்கது, ருசிக்கது. வெத்தலை இல்லன்னாலும் உசிரு போகாது, சாப்பிட்ட பிறகு அது ஒரு சந்தோசம். இந்தப் பிள்ளைக்கு மூணுமே கண்ணன். நமக்கு அவன் பேரு கஷ்டம் வந்தா மட்டும் சோறா, இல்ல ஒண்ணுமே வேண்டாத நேரத்துல வெத்தலையாவும் இருக்கா? இதை நிதானமா உள்ள பாருங்க.

தப்பு எங்க வருதுன்னா, "தாய்னா துணிவு"ன்னு வாய்ப்பாடு மாதிரி வச்சுக்கிட்டு, பிள்ளையத் தேடுத தாயையே மறந்துருதாங்க. அழுத கண்ணு மறைஞ்சா துணிவு வெறும் சொல்லுதான். இன்னொண்ணு, பதற்றத்தைக் குறைன்னு நினைக்கது. இங்க அது முத்துன பக்தி.

அடுத்த வாரத்துக்கு ஆறாம் பத்து அஞ்சாம் பதிகம், தொலைவில்லிமங்கலம். நம்ம இரட்டைத் திருப்பதிதான். அங்க தோழி பேசுதா, "விடுமினோ"ங்கா. யாரைப் பாத்துச் சொல்லுதா, எதை விடச் சொல்லுதான்னு, பதவுரையைத் திறக்கதுக்கு முன்னாலயே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிடுங்க.