யாப்பில்லாப் பாவலன்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, அறுவை மருத்துவர்களே, எங்களுக்கெல்லாம் பை மாற்றக் கற்றுக்கொடுத்த செவிலியர் அம்மா அவர்களே, துணையாக வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். செவிலியர் அம்மாவுக்கு இன்னொரு வணக்கம்.

ஸ்டோமா, சிரிப்பு, கவிதை என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குடலின் முனையை வயிற்றின் மேல் கொண்டுவந்து தைத்த வாசல்தான் எனக்கு இருக்கும் ஸ்டோமா. சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, வலியை உணரும் நரம்பு அதில் இல்லை. அடக்கிவைக்கும் தசையும் இல்லை; மலமும் காற்றும் தாமாகவே வெளியே வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் சேரும். எங்கள் கவிதைகள் பிறப்பது அங்கிருந்துதான்.

வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும் என்பார்கள். ஸ்டோமா உள்ளவர்கள் கூடும் எங்கள் குழுவில் ஓர் ஆசிரியர். அறுவைக்குப் பின் அவர் போன முதல் கூட்டம் ஓர் இரங்கல் கூட்டம். எல்லோரும் எழுந்து மௌனம் காக்கிறார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது பார்த்து அவர் வயிற்றிலிருந்து ஒரு நீண்ட சத்தம்! இருமிப் பார்த்தார், நாற்காலியை நகர்த்திப் பார்த்தார், அது நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் கைப்பேசியை எடுத்து அணைத்தாராம்! அன்று வீட்டுக்குள் போனவர், மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் எங்கள் குழுவுக்கு வந்து இதைப் படித்தார்:

ஊரெல்லாம் எழுந்துநின்று மௌனம் காக்க
உள்ளிருந்து நீமட்டும் உரக்கச் சொன்னாய்;
யாரெல்லாம் கேட்டார்கள் உன்றன் பேச்சை?
யாப்பில்லாப் பாவலனே, போதும் போதும்!

நடந்ததை அழாமல் சொல்ல அவருக்கு எதுகையும் மோனையும் தேவைப்பட்டன. வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும்; ஸ்டோமா போகாது, வெட்கம் போகும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அதுவரை வாயே திறக்காத ஒரு பெரியவர் கேட்டார்: “ஐயா, வெளியூர் போனால் பையை எங்கே காலி செய்கிறீர்கள்?”

நான் இங்கே வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே காலி செய்ய வேண்டும். விட்டால் கனத்து, ஒட்டு விலகிக் கசியும். பொதுக் கழிப்பறையில் பொருள்களை வைக்க ஒரு பலகை இல்லை, சட்டையை மாட்ட ஒரு கொக்கி இல்லை, கதவுக்கு உள்ளே கை கழுவக் குழாய் இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபர் முதல் சனிக்கிழமை உலக ஸ்டோமா நாள் வருகிறது; வாழ்த்து வருகிறது, பலகை வரவில்லை. வாய் விட்டுச் சிரிக்கிறவன் வாய் விட்டுக் கேட்கவும் வேண்டும்.

கவிதையைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. நேரம் முடிந்ததென்று அவைத் தலைவர் குறிப்புக் காட்டுகிறார். நகராட்சித் தலைவர் அவர்களே, எங்கள் மனு உங்கள் மேசையில் இருக்கிறது: ஒரு பலகை, ஒரு கொக்கி, மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டி, உள்ளேயே ஒரு குழாய். எந்தக் கழிப்பறையில் தொடங்குவீர்கள் என்பதை இந்த மேடையிலேயே சொல்லுங்கள். ஒலிபெருக்கியை உங்களிடம் தருகிறேன்.